டேப்லெட்டில் வேலை, லினக்ஸ், இணைய அழைப்பு: புதிதாகத் தொடங்குவோருக்கு

நிறைய வீடுகளில் டேப்லெட் என்பது பிள்ளைகள் கார்ட்டூன் பார்க்கவும் ராத்திரி படுக்கையில் சீரியல் ஓடவும் வாங்கிய பொருள். அதே டேப்லெட்டில் கட்டுரை எழுதலாம், எங்கோ இருக்கும் சர்வருக்குள் நுழைந்து வேலை பார்க்கலாம், விண்டோஸ் போன்ற இன்னொரு ஓஎஸ்ஸான லினக்ஸை (டெபியன் என்பது அதில் ஒரு வகை) ஓட்டலாம், சிம் கார்டே இல்லாமல் போன் பேசலாம். ரூட் (ஆண்ட்ராய்டின் பூட்டைத் திறந்து முழு அதிகாரம் எடுப்பது) எதுவும் செய்ய வேண்டாம். புதிதாக ஆகும் செலவு என்று பார்த்தால் ஒரு புளூடூத் கீபோர்டு, அநேகமாக அவ்வளவுதான்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனதில் போட்டுக்கொள்ளுங்கள். திரையில் தெரியாத எந்த ஆப்பையும் ஆண்ட்ராய்டு தூங்க வைக்கப் பார்க்கும். 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதலே பேட்டரியை மிச்சம் பிடிக்க இந்த ஏற்பாடு இருக்கிறது, பதிப்பு ஏற ஏற இறுக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். லினக்ஸ் பாதியில் செத்துப்போவதும், அழைப்பு வந்தும் மணி அடிக்காமல் கிடப்பதும் பெரும்பாலும் இதனால்தான். கீழே வரும் படிகளில் பாதி இந்தத் தூக்கத்தைக் கலைக்கும் வேலை.

கட்டளைகளை இங்கே உச்சரிப்பை வைத்துத் தமிழில் எழுதுகிறேன், டெர்மினலில் (கட்டளை தட்டும் கறுப்புத் திரையில்) நீங்கள் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்ட வேண்டும்.

கையில் இருக்கும் டேப்லெட் போதுமா

கடைக்குப் போவதற்கு முன் இருப்பதை எடுத்துப் பாருங்கள். செட்டிங்ஸின் கடைசியில் 'டேப்லெட் பற்றி' என்ற பகுதியில் ரேமும் ஆண்ட்ராய்டு பதிப்பும் தெரியும். கறுப்புத் திரையில் கட்டளை தட்டினால் போதும் என்பவருக்கு 4 ஜிபி ரேம் தாங்கும். லினக்ஸ் டெஸ்க்டாப்பை ஜன்னல்களோடு ஓட்ட ஆசை இருந்தால் குறைந்தது 6, 8 இருந்தால் நல்லது. பெட்டியில் 64 ஜிபி என்று போட்டிருக்கும் ஸ்டோரேஜில் நல்ல பங்கை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொள்ளும் என்பதால் 128 இருந்தால் நிம்மதி. மெமரி கார்டு போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். படம், பாட்டு, பிடிஎஃப் எல்லாம் அதில் வைக்கலாம், லினக்ஸை வைக்க முடியாது, ஏனென்றால் ஃபைல்களுக்கு லினக்ஸ் கேட்கும் அனுமதிகளை அந்தக் கார்டின் ஃபைல் சிஸ்டம் பிடித்து வைக்காது.

மலிவு விலை டேப்லெட்டுகளில் இன்னொரு வம்பு உண்டு. சிப் 64 பிட்டாக இருக்கும், உள்ளே போட்டுக்கொடுத்த ஆண்ட்ராய்டு 32 பிட்டாக இருக்கும். பெட்டியில் இதை யாரும் எழுதுவதில்லை. வாங்கும் முன் மாடல் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துவிடுங்கள், 32 பிட்டில் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருள்கள் குறைந்துகொண்டே போகின்றன.

திரை 10, 11 அங்குலம் சரியான அளவு. 8 அங்குலம் பைக்குள் போட அழகு, ஆனால் இரண்டு ஆப்பை அருகருகே திறந்தால் இரண்டுமே தெரியாது. சாம்சங்கின் எஸ் வரிசை டேப்லெட்டுகள் பலவற்றில் டெக்ஸ் என்ற முறை இருக்கிறது, அதைப் போட்டால் ஆப்கள் கணினியில் போல ஜன்னல் ஜன்னலாகத் திறக்கும். முதலில் 2017-இல் எஸ்8 போனோடு வந்தது, அடுத்த ஆண்டு டேப்லெட்டுக்கும் வந்தது. இது இருந்தால் வேலை சுலபம், இல்லாவிட்டாலும் திரையை இரண்டாகப் பிரித்து ஓட்டிவிடலாம்.

கீபோர்டும் தமிழும்

புளூடூத் கீபோர்டு, புளூடூத் மவுஸ் இரண்டையும் செட்டிங்ஸில் 'பேர்' செய்தால் உடனே வேலை செய்யும். கீபோர்டை இணைத்ததும் விண்டோஸ் விசையையும் சாய்வுக்கோட்டு விசையையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள், எந்தெந்த விசைக்கு என்ன வேலை என்ற பட்டியல் வரும். ஆல்ட்டும் டேப்பும் சேர்ந்தால் ஆப் மாறும். இந்த இரண்டு பழகினாலே திரையைத் தொடும் தேவை பாதி குறைந்துவிடும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். திரையில் வரும் கீபோர்டில் தமிழ் எழுதுவது இன்று ஒரு பிரச்சினையே இல்லை, ஜிபோர்டு இருக்கிறது, செல்லினம் இருக்கிறது, ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழாக்குவதோ தமிழ்99-ஓ பழகியதை வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெளியிலிருந்து ஒரு கீபோர்டை இணைத்தவுடன் திரைக் கீபோர்டு மறைந்துவிடும், நீங்கள் தட்டுவது நேராக ஆங்கிலமாக விழும். வெளிக் கீபோர்டில் தட்டுவதைத் தமிழாக மாற்றுவது ஆப்புக்கு ஆப் வேறுபடும். அதனால் கீபோர்டுக்குக் காசு கொடுக்கும் முன் யாரிடமாவது பழைய யுஎஸ்பி கீபோர்டு ஒன்றை இரவல் வாங்கி, ஓடிஜி அடாப்டரில் செருகி, உங்கள் தமிழ் ஆப்பில் நாலு வரி எழுதிப் பாருங்கள். வரவில்லை என்றால் வேறு தமிழ் ஆப் போட்டுப் பாருங்கள். 'பிசிகல் கீபோர்டு' செட்டிங்ஸுக்குள் திரைக் கீபோர்டை எப்போதும் காட்டு என்ற தேர்வு இருக்கிறது, அதைப் போட்டுவைத்தால் அவசரத்துக்குத் திரையிலேயே தமிழைத் தட்டலாம். ஜிபோர்டின் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினாலும் எழுதிக்கொள்ளும். முதல் வரைவுக்கு அது தாராளம், ஒற்று மட்டும் நீங்கள் போட்டுக்கொள்ள வேண்டும்.

யுஎஸ்பி ஹப் வாங்கினால் சார்ஜ் ஏற்றிக்கொண்டே பயன்படுத்தக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். டேப்லெட்டுக்கு இருப்பது ஒரே ஒரு துளை. அதில் பென் டிரைவையும் கீபோர்டையும் செருகிவிட்டு, சார்ஜ் தீர்ந்ததும் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கும்.

எழுத்து வேலை, ஃபைல் வேலை

வேர்ட், எக்செல் ஆப்களைத் தூக்கிப் போட்டுவிட்டு, படிக்கத்தான் விடுகிறது திருத்த விடவில்லையே என்று குழம்புகிறவர்கள் அதிகம். திரை 10.1 அங்குலத்தைத் தாண்டினால் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா கட்டினால்தான் அவற்றில் திருத்த முடியும். போனில் இலவசமாக ஓடியது புது 11 அங்குல டேப்லெட்டில் பூட்டிக்கொள்வது இதனால்தான். சந்தா வேண்டாம் என்றால் கூகுள் டாக்ஸ், ஒன்லிஆபீஸ், கொலாபரா ஆபீஸ் என்று வழி இருக்கிறது. கூகுள் டாக்ஸ் எடுத்தால் தேவைப்படும் கோப்புகளை 'ஆஃப்லைன்' என்று குறித்து வைத்துவிடுங்கள், ரயிலில் விழுப்புரம் தாண்டியதும் சிக்னல் போனால் கை கட்டி உட்கார வேண்டாம்.

குறிப்பு, கட்டுரை எழுத நான் சிபாரிசு செய்வது மார்க்கர் (Markor) என்ற ஆப். சாதாரண எழுத்துக் கோப்பாகவே சேமிக்கும், கணக்குத் திறக்கச் சொல்லாது, தமிழ் சுத்தமாகத் தெரியும். அதில் எழுதிய கோப்பைப் பிறகு லினக்ஸ் பக்கத்திலிருந்து எடுத்து வேர்டாகவோ பிடிஎஃப் ஆகவோ மாற்றிக்கொள்ளலாம், அதற்குக் கீழே வருகிறேன்.

பிரவுசருக்கு ஃபயர்பாக்ஸ். 2023 டிசம்பரிலிருந்து அதன் ஆண்ட்ராய்டு பதிப்புக்கும் ஆட்-ஆன்களைத் தாராளமாகத் திறந்துவிட்டார்கள், விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொண்டால் பக்கம் திறக்கும் வேகமே வேறு. அரசு இணையதளங்களிலோ வங்கித் தளத்திலோ பொத்தான் காணாமல் போனால் மெனுவில் 'டெஸ்க்டாப் சைட்' என்பதைத் தட்டுங்கள்.

டெர்மக்ஸ் போடுவது

ஆண்ட்ராய்டு அடியில் ஓடுவதே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல்தான், அதனால் லினக்ஸ் கருவிகளை ஓட்ட வேறு ஓஎஸ் ஏற்ற வேண்டியதில்லை. டெர்மக்ஸ் என்ற ஆப் அதற்கு வழி செய்து கொடுக்கிறது.

பிளே ஸ்டோரில் தேடிப் போட்டுவிடாதீர்கள். ஆண்ட்ராய்டு 10-ஐ ஒட்டி, ஆப் தன் சொந்த ஃபோல்டரில் இறக்கிய நிரலை ஓட்டக்கூடாது என்று கூகுள் விதி கொண்டுவந்தது, டெர்மக்ஸின் பிழைப்பே அதுதான் என்பதால் பிளே ஸ்டோர் பதிப்பு 2020-இல் அப்படியே நின்றுபோனது. பின்னால் அங்கே சோதனைப் பதிப்பு ஒன்று வந்தாலும் எஃப்-டிராய்டு பதிப்புதான் சரியான வழி. எஃப்-டிராய்டு என்பது திறந்த மூல ஆப்கள் மட்டும் உள்ள கடை. அதன் இணையதளத்தில் ஏபிகே ஃபைலை இறக்குங்கள், இந்த பிரவுசர் ஆப் நிறுவ அனுமதிக்கலாமா என்று ஆண்ட்ராய்டு கேட்கும், அனுமதி கொடுத்து நிறுவிவிட்டு அந்த அனுமதியைத் திரும்ப எடுத்துவிடுங்கள். பிறகு எஃப்-டிராய்டுக்குள் டெர்மக்ஸைத் தேடிப் போடுங்கள். டெர்மக்ஸுக்கு ஏபிஐ போன்ற துணை ஆப்களும் உண்டு, அவற்றையும் இதே கடையில் மட்டும் எடுக்க வேண்டும். ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் எடுத்தால் கையொப்பம் பொருந்தாமல் ஒன்றோடொன்று பேசாது.

திறந்ததும் கறுப்புத் திரை, கீழே எஸ்கேப், டேப், கன்ட்ரோல், ஆல்ட், அம்புக்குறி எல்லாம் உள்ள இரண்டு வரிசை. வெளிக் கீபோர்டு இல்லாமல் வேலை செய்ய இந்த வரிசைதான் உயிர். வால்யூமைக் குறைக்கும் பொத்தானும் கன்ட்ரோல் விசையாக வேலை செய்யும்.

முதலில் பிகேஜி அப்கிரேட் என்று தட்டி என்டர். நடுநடுவே பழைய கான்ஃபிக் ஃபைலை வைத்துக்கொள்ளவா, புதிதைப் போடவா என்று கேட்கும், புதிதாக நிறுவியவர் எல்லாவற்றுக்கும் என்டர் தட்டிக்கொண்டே போகலாம். இறக்கம் நத்தை வேகத்தில் போனால் டெர்மக்ஸ்-சேஞ்ச்-ரெப்போ என்ற கட்டளையில் பக்கத்தில் உள்ள மிரருக்கு (அதே கோப்புகள் உள்ள நகல் சர்வருக்கு) மாற்றிக்கொள்ளுங்கள். அடுத்து டெர்மக்ஸ்-செட்டப்-ஸ்டோரேஜ், இதைத் தட்டினால் அனுமதி கேட்டு, டேப்லெட்டின் டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ் எல்லாம் 'ஸ்டோரேஜ்' என்ற ஃபோல்டர் வழியாகத் தெரிய ஆரம்பிக்கும். பிறகு பிகேஜி இன்ஸ்டால் என்று தட்டி அதன் பின்னால் வேண்டியதைச் சேர்க்க வேண்டியதுதான்: கிட் (நிரல் கோப்புகளின் பதிப்புகளைக் காக்க), பைதான் (நிரல் மொழி), ஓபன்எஸ்எஸ்எச் (வேறு கணினிக்குள் நுழைய), நானோ (கோப்பைத் திருத்த), டிமக்ஸ் (இணைப்பு அறுந்தாலும் வேலையைத் தொடர), ஆர்சின்க் (கோப்புகளை நகலெடுக்க). நீளமான பெயர்களை முழுக்கத் தட்ட வேண்டாம், முதல் சில எழுத்தைப் போட்டு டேப் விசையை அழுத்தினால் மீதி தானாக நிரம்பும்.

தமிழ் விஷயம் மறுபடியும். டெர்மினல் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கட்டம் ஒதுக்கும். தமிழில் 'கொ' என்றால் முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், கட்டத்துக்குள் அடங்காது. அதனால் டெர்மக்ஸில் தமிழ்க் கோப்பைத் திறந்தால் எழுத்துகள் பிய்ந்தும் இடம் மாறியும் கிடக்கும். கோப்பு கெடவில்லை, காட்டுவதுதான் கோணல். தமிழை மார்க்கரில் எழுதிக்கொள்ளுங்கள், டெர்மினலை அந்தக் கோப்பை நகர்த்த, மாற்ற, அனுப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டெர்மினலுக்குள்ளேயே ஒரு தமிழ்ச் சொல்லைத் தட்ட வேண்டி வந்தால், கீழே உள்ள விசை வரிசையை இடப்பக்கம் தள்ளினால் சாதாரண எழுத்துப் பெட்டி ஒன்று வரும், அதில் எந்தத் தமிழ்க் கீபோர்டும் ஒழுங்காக வேலை செய்யும்.

பாண்டாக் என்ற கோப்பு மாற்றும் கருவியைப் போட்டுக்கொண்டால் மார்க்கரில் எழுதிய கட்டுரையை ஒரே வரியில் வேர்ட் கோப்பாக மாற்றலாம். பத்திரிகைக்கோ அலுவலகத்துக்கோ வேர்டில்தான் வேண்டும் என்று கேட்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பது, போனில் வேர்டைத் திறந்து தலைப்புக்குத் தலைப்பு எழுத்து அளவு மாற்றிக்கொண்டிருந்தவர்களுக்குப் புரியும்.

இரண்டு எச்சரிக்கை. கிட் களஞ்சியங்களை டவுன்லோட்ஸ் பக்கம் வைக்காமல் டெர்மக்ஸின் சொந்த ஹோம் ஃபோல்டரிலேயே வையுங்கள், பொது ஸ்டோரேஜில் நிரலை ஓட்டும் அனுமதி கிடையாது, சிம்லிங்கும் (வேறு இடத்தில் உள்ள கோப்பைக் காட்டும் சுட்டி) கிடையாது. அப்படி ஹோமில் வைப்பதற்கு இன்னொரு விலை உண்டு: டெர்மக்ஸை அன்இன்ஸ்டால் செய்தால் அந்த ஃபோல்டர் முழுதும் போய்விடும், ரீசைக்கிள் பின் என்று ஒன்று கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை ஹோமை டார் செய்து ஒரே கோப்பாக்கி டவுன்லோட்ஸுக்கு நகர்த்தி, அங்கிருந்து பென் டிரைவுக்கு ஏற்றிவிடுங்கள்.

செத்துப்போகும் டெர்மக்ஸ்

வேலை நடந்துகொண்டிருக்கும்போது வேறு ஆப்புக்குப் போய்த் திரும்பினால் 'சிக்னல் 9' என்ற எண்ணோடு எல்லாம் முடிந்து கிடக்கும். ஆண்ட்ராய்டு 12-இல் வந்த விதி இது: ஆப்கள் பிறப்பிக்கும் துணைச் செயல்கள் எல்லா ஆப்புக்கும் சேர்த்து 32-ஐத் தாண்டினால் சிஸ்டம் கொன்றுவிடும். லினக்ஸில் ஒரு காரியம் செய்யும்போது பல துணைச் செயல்கள் பிறக்கலாம்.

ஆண்ட்ராய்டு 14-ம் அதற்கு மேலும் என்றால் தீர்வு சுலபம். 'டேப்லெட் பற்றி' பகுதியில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதற்குள் துணைச் செயல்களின் கட்டுப்பாட்டை நீக்கும் சுவிட்ச் இருக்கிறது, ஆன் செய்துவிடுங்கள். 12, 13 என்றால் கணினியோடு இணைத்து ஏடிபி (கணினியிலிருந்து ஆண்ட்ராய்டுக்குக் கட்டளை அனுப்பும் கருவி) வழியாக மாற்ற வேண்டும், கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருக்கும். இது தவிர இன்னும் இரண்டு காரியம் எல்லாப் பதிப்பிலும் தேவை. டெர்மக்ஸின் நோட்டிஃபிகேஷனை விரித்தால் 'அக்வயர் வேக்லாக்' என்று இருக்கும், நீண்ட வேலை தொடங்கும் முன் அதைத் தட்டுங்கள். ஆப்பின் பேட்டரி அமைப்பில் 'கட்டுப்பாடில்லை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சாம்சங்கில் தூங்க விடாத ஆப்கள் என்று தனிப் பட்டியலும், ஷாவ்மியில் ஆட்டோஸ்டார்ட் என்று தனி அனுமதியும் இருக்கும், அதிலும் சேர்த்துவிடுங்கள்.

டெபியன் வேண்டுமென்றால்

டெர்மக்ஸின் கடையில் இல்லாத மென்பொருள் வேண்டும் என்றாலோ, கல்லூரிப் பாடத்தில் உபுண்டு, டெபியன் என்று சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்து பார்க்க வேண்டும் என்றாலோ ப்ரூட்-டிஸ்ட்ரோ என்ற தொகுப்பைப் போடுங்கள். ப்ரூட்-டிஸ்ட்ரோ இன்ஸ்டால் டெபியன் என்று கொடுத்தால் இறக்கி விரித்து வைக்கும், ப்ரூட்-டிஸ்ட்ரோ லாகின் டெபியன் என்று கொடுத்தால் உள்ளே போகலாம். உள்ளே நீங்கள் ரூட் போலத் தெரியும், ஆனால் அது பாவனைதான். ப்ரூட் நடுவில் உட்கார்ந்து ஒவ்வொரு சிஸ்டம் அழைப்பையும் திருத்திக் கொடுக்கிறது. அதனால் வேகம் குறையும். மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை வேலை செய்யும், பைதான், ஜிசிசி (நிரல் கம்பைலர்), லிப்ரேஆபீஸ் எல்லாம் வேலை செய்யும். சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளை நடத்துவது) ஓடாது, டாக்கர் (மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் ஓட்டுவது) ஓடாது, 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க முடியாது. விண்டோஸ் கணினிகளில் இருக்கும் இன்டெல் சிப்புக்காகச் செய்த மென்பொருளை இதில் போட முடியாது, டேப்லெட் சிப்புக்கான ஆர்ம் பதிப்பு இருந்தால்தான் உண்டு.

முழு டெஸ்க்டாப்பையும் திரையில் கொண்டுவர டெர்மக்ஸ்:எக்ஸ்11 என்ற ஆப்பும் எக்ஸ்எஃப்சிஇ என்ற டெஸ்க்டாப் தொகுப்பும் போட்டு ஓட்டினால், மவுஸ் அம்புக்குறியோடு வந்து நிற்கும். பார்க்கப் பரவசமாக இருக்கும், நண்பர்களுக்குக் காட்டலாம். அன்றாட வேலைக்கு என்னைக் கேட்டால் தேவையில்லை, பிரவுசருக்கும் ஆபீஸுக்கும் ஆண்ட்ராய்டு ஆப்களே வேகம். ஒரே விதிவிலக்கு, ஆண்ட்ராய்டு ஆப்கள் உருக்குலைத்துக் காட்டும் பழைய அட்டவணைக் கோப்புகளை லிப்ரேஆபீஸில் திறப்பது. அப்படித் திறக்கப்போகிறவர்கள் டெபியனுக்குள் நோட்டோ அல்லது லோஹித் தமிழ் எழுத்துருவைப் போட மறக்க வேண்டாம், இல்லாவிட்டால் தமிழ் முழுதும் வெற்றுக் கட்டமாக வரும்.

பிக்சல் டேப்லெட் வைத்திருக்கிறவர்களுக்கு வேறு ஒரு பாதை திறந்திருக்கிறது. 2025 மார்ச்சில் பிக்சல் சாதனங்களுக்கு வந்த அப்டேட்டில் கூகுளே லினக்ஸ் டெர்மினல் என்ற ஆப்பைச் சேர்த்தது, டெவலப்பர் ஆப்ஷன்ஸில் 'லினக்ஸ் டெவலப்மென்ட் என்விரான்மென்ட்' என்பதை ஆன் செய்தால் டெபியன் ஒரு மெய்நிகர் இயந்திரத்துக்குள் தனியாக ஓடும். தனிக் கெர்னலோடு ஓடுவதால் ப்ரூட்டின் பாவனை இதில் இல்லை. மற்ற கம்பெனி டேப்லெட்டுகளில் இந்தச் சுவிட்ச் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் டெர்மக்ஸ்தான்.

கனமான வேலையை வெளியே தள்ளுங்கள்

டேப்லெட்டுக்குள் எல்லாவற்றையும் திணிக்கப் பார்க்காமல், வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியிலோ லினக்ஸைப் போட்டு ஓடவிட்டு, டேப்லெட்டிலிருந்து அதற்குள் நுழைந்து வேலை பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்து நீண்ட நாள் நிலைக்கும் முறை. மாத வாடகைக்கு ஒரு விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) எடுத்தாலும் சரி. டேப்லெட் தூங்கினாலும் அங்கே வேலை தூங்காது. ஆண்ட்ராய்டோடு மல்லுக்கட்டும் வேலையும் பாதி ஒழிந்தது.

டெர்மக்ஸில் எஸ்எஸ்எச்-கீஜென் தட்டி ஒரு சாவி உருவாக்கி, எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி கொண்டு அதை அந்தக் கணினிக்கு அனுப்பிவிட்டால் பாஸ்வேர்டு தேவையில்லை. பிறகு அந்தக் கணினியில் பாஸ்வேர்டு வழி நுழைவதையே மூடிவிடுங்கள். அங்கே டிமக்ஸுக்குள் வேலையைத் தொடங்கினால், இணைப்பு அறுந்தாலும் திரும்ப நுழைந்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பேருந்தில், ரயிலில் போகிறவர்கள் எஸ்எஸ்எச்சுக்குப் பதில் மோஷ் என்ற கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள், அது யுடிபி என்ற நெறிமுறையில் ஓடுவதால் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறினாலும் அறுபடாது. பின்னால் உருட்டிப் பார்க்க மட்டும் மோஷ் விடாது, டிமக்ஸ் அந்தக் குறையைத் தீர்க்கும்.

வீட்டுக் கணினியை வெளியிலிருந்து எட்ட முடியவில்லை என்றால், நம் ஊர் பிராட்பேண்டில் பல வாடிக்கையாளருக்கு ஒரே வெளி முகவரியைப் பகிர்ந்து கொடுத்திருப்பது காரணமாக இருக்கும். ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் பலிக்காது. டெயில்ஸ்கேல் என்ற விபிஎன் ஆப்பை இரண்டு பக்கமும் போட்டு ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் ஒரே வீட்டு நெட்வொர்க்கில் இருப்பது போல ஆகிவிடும். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு விபிஎன்தான் ஓடும், அலுவலக விபிஎன் போட்டால் இது அணைந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இணைய அழைப்பு

சிம் இல்லாத வைஃபை டேப்லெட்டில் பேச மூன்று படி இருக்கிறது, முதல் படியே பலருக்குப் போதும்.

வாட்ஸ்அப்பை டேப்லெட்டில் போட்டு, போனில் 'லிங்க்டு டிவைசஸ்' போய் டேப்லெட்டில் தெரியும் கியூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அதே கணக்கு இங்கும் ஓடும், அழைப்பும் வரும். இப்படி நான்கு சாதனம் வரை இணைக்கலாம். போனில் வாட்ஸ்அப்பை 14 நாள் திறக்காமலே இருந்தால் இணைத்தவை எல்லாம் வெளியேறிவிடும். துபாய், அபுதாபியில் இருப்பவர்களுக்கு இந்தப் படி பலிக்காது, அமீரகத்தில் வாட்ஸ்அப் செய்தி போகும், குரல் அழைப்பு தடுக்கப்பட்டிருக்கிறது. அங்கே அனுமதி பெற்ற போட்டிம் போன்ற ஆப்பை வைத்துத்தான் ஊருக்குப் பேசுகிறார்கள்.

இரண்டாவது, லிங்க் அனுப்பிக் கூடிப் பேசுவது. கூகுள் மீட் எல்லோருக்கும் தெரியும். ஜிட்ஸி மீட்டில் வருகிறவர் கணக்கு எதுவும் திறக்க வேண்டாம், அறையைத் தொடங்குகிறவர் மட்டும் ஒரு கணக்கில் நுழைந்தால் போதும். ஊரில் இருக்கும் அத்தையிடம் ஆப் போடச் சொல்லி அரை மணி நேரம் விளக்குவதற்கு இது மேல்.

மூன்றாவதுதான் நிஜமான இணையத் தொலைபேசி, எஸ்ஐபி. 2002 ஜூனில் இப்போதைய வடிவத்தில் தரப்படுத்தப்பட்ட நெறிமுறை, அலுவலகங்களின் மேசைப் போன்கள் பெரும்பாலும் இதில்தான் ஓடுகின்றன. முன்பு ஆண்ட்ராய்டுக்குள்ளேயே எஸ்ஐபி வசதி இருந்தது, ஆண்ட்ராய்டு 12-இல் எடுத்துவிட்டார்கள். இப்போது தனி ஆப் வேண்டும், லின்ஃபோன் நல்ல தொடக்கம். வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பேச ஸ்கைப்பில் காசு போட்டு வைத்திருந்த பெரியவர்கள் 2025 மே மாதம் அது மூடப்பட்டபின் என்ன செய்வது என்று கேட்டால், அவர்களுக்கும் இந்தப் பாதையைக் காட்டலாம்.

லின்ஃபோனைத் திறந்து அவர்களுடைய இலவச சேவையிலேயே கணக்குத் தொடங்கினால் எஸ்ஐபி முகவரி ஒன்று கிடைக்கும், பார்க்க ஈமெயில் முகவரி போலவே இருக்கும். வீட்டில் இன்னொருவருக்கும் ஒன்று திறந்துகொடுத்து ஒருவரையொருவர் அழைத்துப் பாருங்கள், இதற்குக் காசு கிடையாது. அலுவலகமோ சேவை நிறுவனமோ கொடுத்த கணக்கு என்றால் அவர்கள் தருவது மூன்று: பயனர் பெயர், டொமைன், பாஸ்வேர்டு. டிரான்ஸ்போர்ட் என்ற இடத்தில் டிஎல்எஸ் தேர்ந்தெடுங்கள், அது இல்லையென்றால் டிசிபி. யுடிபி வேலை செய்யும், ஆனால் ரூட்டர் நம்மை மறக்காமலிருக்க ஆப் அடிக்கடி எழுந்து குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், பேட்டரி அதிலேயே கரையும்.

சாதாரண மொபைல் எண்ணுக்கோ லேண்ட்லைனுக்கோ அழைக்க வேண்டுமென்றால் அந்த வசதியைத் தரும் நிறுவனத்திடம் கணக்கு வேண்டும். இந்தியாவுக்குள் இருந்துகொண்டு இந்திய எண்களை அழைப்பதற்கு இங்கே உரிமம் பெற்ற நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். 2018-இல் தொலைத்தொடர்புத் துறை இதற்கு வழிவிட்டது, அதே ஆண்டு பிஎஸ்என்எல் விங்ஸ் என்ற பெயரில் ஆப் வழித் தொலைபேசியை அறிவித்தது. அடிமாட்டு விலைக்குத் தருகிறோம் என்று டெலிகிராமில் வரும் அழைப்புச் சேவைகளைத் தொடவே வேண்டாம், கள்ள வழியில் அழைப்பைத் திருப்பிவிடும் கும்பலாக இருந்தால் போலீஸ் விசாரணையில் உங்கள் பெயரும் வரும்.

டேட்டா எவ்வளவு ஆகும் என்று எல்லோரும் கேட்பார்கள். பழைய ஜி.711 கோடெக்கில் (குரலை டேட்டாவாக்கும் முறை) குரல் மட்டும் நொடிக்கு 64 கிலோபிட், தலைப்புத் தகவல்களெல்லாம் சேர்ந்து ஒரு திசைக்கு ஏறக்குறைய 87. இரண்டு திசையும் சேர்த்து ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 80 எம்பி ஆகும். ஓபஸ் கோடெக் இருந்தால் அதை மேலே ஏற்றி வையுங்கள், குறைந்த டேட்டாவில் இன்னும் தெளிவாகக் கேட்கும், சிக்னல் ஆடினாலும் ஓரளவு சமாளிக்கும்.

நாம் பேசுவது அவர்களுக்குக் கேட்கிறது, அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கவில்லை, அல்லது தலைகீழாக: எஸ்ஐபியில் புதியவர்கள் முதலில் முட்டும் சுவர் இது. ரூட்டருக்குள் எஸ்ஐபி ஏஎல்ஜி என்ற ஒரு 'உதவி' இருக்கும், உதவுகிறேன் பேர்வழி என்று டேட்டா பாக்கெட்டில் உள்ள முகவரியைத் தாறுமாறாக மாற்றி வைக்கும். ரூட்டர் பக்கத்துக்குள் நுழைந்து அதை அணையுங்கள், பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் லின்ஃபோனின் நெட்வொர்க் அமைப்பில் ஸ்டன், ஐஸ் (ரூட்டரைத் தாண்டி வழி கண்டுபிடிக்கும் முறைகள்) இரண்டையும் ஆன் செய்து பாருங்கள்.

டேப்லெட்டில் காதில் வைத்துக் கேட்கும் ஸ்பீக்கர் இருப்பது அபூர்வம், எல்லாம் ஊருக்கே கேட்கும் ஸ்பீக்கர்தான், எதிரில் இருப்பவருக்குத் தன் குரலே எதிரொலிக்கும். மைக் உள்ள யுஎஸ்பி-சி இயர்போன் ஒன்றை மாட்டுங்கள். புளூடூத்தும் சரிதான், ஆனால் மைக் ஓடத் தொடங்கியதும் அதன் ஒலித்தரம் இறங்குவதைக் கவனிப்பீர்கள்.

அப்புறம் மணி அடிப்பது. லின்ஃபோனின் சொந்தக் கணக்கு கூகுளின் புஷ் அறிவிப்பு வழியாக டேப்லெட்டை எழுப்பும், அதனால் ஆப் தூங்கினாலும் அழைப்பு வரும். வேறு நிறுவனக் கணக்குகள் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை, ஆப் விழித்திருந்தால்தான் உண்டு. அதற்கு டெர்மக்ஸுக்குச் செய்ததையே இங்கும் செய்யுங்கள்: பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள், ஆட்டோஸ்டார்ட் கொடுங்கள், ஆப்பின் அமைப்பில் பின்னணியில் ஓட விடும் தேர்வை ஆன் செய்யுங்கள், நோட்டிஃபிகேஷன் அனுமதியையும் மறுக்காதீர்கள். எல்லாம் முடித்து ராத்திரி டேப்லெட்டைத் திரை அணைத்து, சார்ஜரில் போடாமல் வைத்துவிட்டு, காலையில் அதைத் தொடாமல் வேறு போனிலிருந்து அழைத்துப் பாருங்கள். சார்ஜரில் இருக்கும்போது ஆண்ட்ராய்டு ஆழ்ந்து தூங்காது, அப்போது மணி அடித்தது என்பதை வைத்து முடிவுக்கு வர முடியாது. அடிக்கவில்லை என்றால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒரு சுவிட்ச் பாக்கி இருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் அடிக்கவில்லை என்றால் சேவை நிறுவனத்தின் பக்கத்தில், பதில் இல்லாவிட்டால் இந்த மொபைல் எண்ணுக்குத் திருப்பு என்று போட்டுவிடுங்கள்.

112 போன்ற அவசர எண்கள் இந்த ஆப்களில் போகும் என்று நம்பி இருக்க வேண்டாம், வங்கி ஓடிபியும் சிம் இல்லாத டேப்லெட்டுக்கு வராது. இந்த இரண்டுக்காகவும் ஒரு சாதாரண பட்டன் போனாவது கூடவே இருக்கட்டும்.